தாய்லாந்தின் 'கருப்புப் புலியின் கண்ணீர்': இந்தப் படத்துக்குச் சிரிக்கணுமா, அழணுமா?

பின்சீட்டு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வராமல் ஒரு தாய்லாந்துப் படம் போட்டேன். ஆங்கிலப் பெயர் 'டியர்ஸ் ஆஃப் தி பிளாக் டைகர்'. 2000-இல் வந்தது. இயக்குநர் விசித் சாசனதியாங், அவருக்கு இதுதான் முதல் படமாம்.

தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, டிவியில் ஏதோ கோளாறு என்று ரிமோட்டை எடுத்து நிறத்தைக் குறைத்தேன். குறைத்தும் அடங்கவில்லை. தாமரைக் குளத்து நடுவில் ஒரு மண்டபம், கொட்டுகிற மழை, காத்திருக்கிற ஒரு பெண். அந்தத் தண்ணீரின் பச்சையை நான் எந்தத் தண்ணீரிலும் பார்த்ததில்லை. வீட்டுச் சுவர்கள் எல்லாம் ரோஜா நிறமும் மயில்கழுத்து நிறமும்.

அப்புறம் கௌபாய்த் தொப்பி போட்ட ரெண்டு பேர் துப்பாக்கியோடு வருகிறார்கள். ஒருத்தன் சுடுகிற தோட்டா அங்கே பட்டு இங்கே பட்டுத் தெறித்து, ஒளிந்திருந்தவன் நெற்றியில் போய் இறங்குகிறது. உடனே திரையில் எழுத்து: கவனித்தீர்களா, இல்லையென்றால் இன்னொரு தடவை காட்டுகிறோம் என்கிற மாதிரி. சொன்னபடியே திரும்பவும் காட்டுகிறார்கள்! நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். வில்லனுக்கு ஒரு மீசை, அது ஒட்டியது என்று குழந்தைக்கும் தெரியும். இடுப்பில் கை வைத்து அவன் சிரிக்கிற சிரிப்பு தனிக் கூத்து.

இந்தச் சத்தத்துக்குத் திட்டத்தான் அம்மா எழுந்து வந்தார். வாசற்படியில் நின்று பார்த்தார். நின்றவர் உட்கார்ந்தார். கடைசியில் (இனிமேல் முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் கீழே தாண்டிப் போய்விடுங்கள்) கதாநாயகன் செத்து விழும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இது எங்க காலத்துப் படம்டா" என்றார். "அம்மா, இது 2000-ல வந்தது" என்றேன். "அது யாருக்குத் தெரியும்" என்று போய்ப் படுத்துவிட்டார்.

எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இது கிண்டல் படமா, நிஜமான படமா? கிண்டல் என்றால் அம்மா ஏன் அழுதார்? நிஜம் என்றால் அந்த மீசை எதற்கு? அந்த நிறத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள்? முடிவு மாறின இன்னொரு பதிப்பு இருப்பதாக ஒரு நண்பன் சொல்கிறான், அது உண்மையா?

இடைவேளை_முறுக்கு

ரொம்ப யோசிக்காதீர்கள் நண்பரே, கிண்டல்தான். நம்ம 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' இல்லையா, அதே வகை. பழைய குதிரைப் படங்களை எடுத்து ஓட்டுகிறார்கள். போலீஸோடு நடக்கிற சண்டையில் குதிரையில் வந்த கொள்ளைக்காரர்கள் தோளில் ராக்கெட்டைத் தூக்கி வைத்துச் சுடுகிறார்களே, அதை எவனாவது சீரியஸாக எடுப்பானா? அம்மாக்கள் எந்தப் படத்துக்கும் அழுவார்கள். என் அம்மா விளம்பரத்துக்கே அழுவார்.

நிறக்காரன்

நிறக் கேள்விக்கு மட்டும் பதில். பிழைப்பே எனக்கு அதுதான், டிஐ அறையில் இருட்டில் உட்கார்ந்து படங்களுக்கு நிறம் திருத்துகிறேன்.

உங்கள் டிவியில் கோளாறு இல்லை. படத்தை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்து, டிஜிட்டல் பீட்டாகேம் என்கிற வீடியோ டேப்புக்கு மாற்றி, அங்கே நிறத்தைத் திருகி, மறுபடி 35 மி.மீ. ஃபிலிமுக்கே கொண்டுவந்தார்கள். இன்றைக்கு எல்லாப் படமும் கணினி வழியாகத்தான் போகிறது, அதனால் பெரிதாகத் தெரியாது. 2000-இல் அப்படி இல்லை. முழுப் படத்தையும் டிஜிட்டலில் நிறம் திருத்திய முதல் பெரிய ஹாலிவுட் படம் என்று எல்லாரும் கை காட்டுகிற 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' வந்ததும் அதே 2000-இல்தான். ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அமெரிக்கர்கள் பச்சை வயலைக் காய்ந்த வைக்கோல் நிறமாக்கப் பாடுபட்டார்கள். இவர்கள் பச்சையை இன்னும் பச்சையாக்கினார்கள்.

ஆனால் கணினி மட்டும் இதைச் செய்துவிடாது. சுவருக்கு என்ன சாயம், அதன் முன்னால் நிற்கிறவளுக்கு என்ன உடை என்பதெல்லாம் முதலிலேயே தீர்மானமாகியிருக்கிறது. ரெண்டாவது தடவை பார்க்கும்போது ஆட்களின் தோலைக் கவனியுங்கள். பின்னால் இருக்கிற ரோஜா நிறம் முகத்திலும் லேசாகக் கசிந்து, கன்னத்தில் ரூஜ் பூசின பழைய கால வண்ணப் புகைப்படம் மாதிரி இருக்கும். கையால் சாயம் தீட்டின சுவரொட்டி, தீப்பெட்டிப் படம், அந்த வகை நிறம் அது. என்னிடம் ஒருத்தர் இப்படி ஒரு ரீலைக் கொண்டுவந்தால் 'சார், தோல் நிறம் தப்பாக இருக்கிறது' என்று சரி செய்து கொடுத்துக் கெடுத்திருப்பேன்.

வில்லனும் நாயகனும் நேருக்கு நேர் நிற்கிற இடத்தில் பின்னால் இருப்பது வானம் இல்லை, எழுதின திரை. நாடக மேடைப் படுதா. மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை. அந்தத் தைரியம் எனக்குப் பிடித்தது.

சாவ்பிரயா

முறுக்கு அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. பாங்காக்கில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன், தாய் மொழியும் (அம்மா மொழியைச் சொல்லவில்லை, அந்த ஊர் மொழியை) தட்டுத்தடுமாறிப் படித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

முதலில் தலைப்பு. தாய் மொழியில் இதன் பெயர் 'ஃபா தலாய் ஜோன்'. ஃபா என்றால் வானம். தலாய் என்றால் தகர்ப்பது. ஜோன் என்றால் கொள்ளைக்காரன், வடமொழிச் சோரன்தான் அங்கே ஜோன் ஆகியிருக்கிறான். வானம் இடிந்து கள்வன் தலையில் விழும் என்கிற மாதிரி அர்த்தம். ஆனால் அந்த ஊரில் யாரிடமாவது இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் ஞாபகம் வருவது சினிமா இல்லை, ஒரு கசப்பு மாத்திரை. தொண்டைக் கரகரப்புக்கும் சளிக்கும் விழுங்குவது. எந்த மூலிகை தெரியுமா? நம்ம நிலவேம்பு! கதாநாயகி பெயர் ரம்ப்போய். தென்றல் மெல்ல வீசுவதற்கும் அந்தச் சொல் உண்டு, ஒரு செடிக்கும் உண்டு. அந்தச் செடி நாம் மஞ்சள் அரளி என்கிறோமே அதுதான். பூ அழகு, செடி முழுக்க நஞ்சு. இதையெல்லாம் இயக்குநர் கணக்குப் போட்டு வைத்தாரா என்பதை விடுங்கள். நிலவேம்பு என்று பெயர் வைத்த படத்தில் அரளி என்று ஒரு கதாநாயகி. இனிப்பாக முடியும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

நாயகன் பெயர் டாம். கருப்பு என்று பொருள், ஆக அவன் கருப்பன். ஒட்டு மீசை வில்லன் பெயர் மகேசுவன், வேறு யாரும் இல்லை, மகேஸ்வரனேதான்! முதல் தடவை இது உறைத்தபோது அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன். கருப்பனும் மகேஸ்வரனும் கோவிலில் புத்தர் சிலை முன்னால் ரத்தம் கலந்து குடித்து அண்ணன் தம்பி ஆகிறார்கள். எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை?

அப்புறம் 'புலி'. இதை ஆங்கிலத் தலைப்பு புரியவே விடுவதில்லை. 'சுஎய' என்றால் புலி, கொள்ளைக்கூட்டக்காரன் பெயருக்கு முன்னால் ஒட்டுகிற பட்டமும் அதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் சுபன்புரிப் பக்கத்து வயல்காடுகளில் நிஜமாகவே இப்படிப்பட்ட 'புலிகள்' திரிந்தார்கள். ஃபாய், பாய், டாம், மகேசுவன் என்கிற பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்து நிஜக் கொள்ளைக்காரர்களின் பெயர்கள். போ. இந்தரபாலித் என்ற எழுத்தாளர் புலி பாய், புலி டாம் என்று மலிவு விலை நாவல்களாக எழுதித் தள்ளினார், ஊரே வாசித்தது. அதனால் படத்தில் இருப்பது அமெரிக்காவிலிருந்து கடன் வாங்கின தொப்பி மட்டும்தான். தொப்பிக்குக் கீழே இருக்கிறவன் சுபன்புரிக்காரன். பள்ளிக்கூடத்தில் ஜேம்ஸ் பாண்டையும் ஊர்த் திருடனையும் சேர்த்துக் கதை விடுகிற பையன் ஒருத்தன் இருப்பானே, அவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிண்டலா இல்லையா என்பதற்கு வருகிறேன். என் எதிர் மேசையில் உட்கார்ந்த அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அவர்தான் இதைப் புரியவைத்தார். சின்ன வயதில் அவர் கிராமத்துக்கு மருந்து விற்கிற வண்டி வரும். பகலில் ஒலிபெருக்கியில் கூவிவிட்டு, இருட்டினதும் திடலில் திரை கட்டிப் படம் போடுவார்கள். படத்துக்குக் காசு இல்லை, பாய் கொண்டுவந்து உட்கார வேண்டியதுதான். அந்தப் படங்கள் 16 மி.மீ. ஃபிலிம், அதில் ஒலியே கிடையாது. திரைக்கு எதிரே ஒருத்தர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாயகன், நாயகி, கிழவி, குழந்தை, குதிரை எல்லாருக்கும் அவரே குரல் கொடுப்பார். நாயகன் கத்திக்குக் கீழே கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது வண்டிக்காரர் படத்தை நிறுத்திவிடுவார். விளக்கு எரியும். இத்தனை பாட்டில் மருந்து விற்றால்தான் மீதிப் படம். "எங்க அம்மா இருமலே இல்லாத வீட்டுக்கு இருமல் மருந்து வாங்கினாள், மித்ரு சாகிறானா இல்லையா பார்க்கணும் இல்ல" என்று சொல்லி அந்த அக்கா சிரிப்பார்.

அந்த மித்ரு, மித் சைபன்சா. அறுபதுகளில் அந்த நாட்டுக்கே நாயகன். இருநூறு படங்களுக்கு மேல், பெரும்பாலும் ஜோடி பெட்சரா. 1970 அக்டோபரில் பட்டாயா பக்கத்துக் கடற்கரையில் 'தங்கக் கழுகு' படத்தின் கடைசிக் காட்சி. ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் கயிற்று ஏணியைப் பிடித்துப் பறந்து போக வேண்டும். டூப் இல்லாமல் அவரே தொங்கினார், கை நழுவி விழுந்து இறந்தார். இன்றைக்கும் அங்கே அவருக்கு ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. நான் போனபோது யாரோ வாடாத மாலை போட்டிருந்தார்கள். பெட்சராவுக்குப் பின்னாளில் கண் பார்வை போய்விட்டது.

அதே 1970-இல் ஆகஸ்டில் இன்னொருத்தரும் போனார். இயக்குநர் ரத்தன பெஸ்தோன்ஜி. பெயரைப் பார்த்தாலே தெரியும், பார்சி வம்சாவளி, பிறந்தது பாங்காக்கில். ஊரெல்லாம் ஊமை 16 மி.மீ.யில் எடுத்துக்கொண்டிருந்தபோது 35 மி.மீ., வண்ணம், ஒலி என்று பிடிவாதமாக நின்றவர். அவருடைய 'கருப்புப் பட்டு' 1961-இல் பெர்லின் விழாவுக்குப் போனது. தாய்லாந்துப் படங்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார். விசித் தன் படத்தில் கும்பிடு போடுவது இவருக்குத்தான். நிறக்காரர் சொன்ன அந்தச் சுவர்களும் சாயங்களும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க ஆசையென்றால் பெஸ்தோன்ஜியின் வண்ணப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

அந்த ஊர்க்காரர்களே பழைய படங்களுக்கு ரெண்டு ஏளனப் பெயர் வைத்திருக்கிறார்கள். சண்டைப் படம் என்றால் 'மலையை வெடி, குடிசையைக் கொளுத்து'. அழுகைப் படம் என்றால் 'நாறின தண்ணி', தேங்கி நாறுகிற குட்டை என்று அர்த்தம். படித்தவர்கள் உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்கிற பெயர்கள். விசித் இந்த ரெண்டையும்தான் எடுத்துக்கொண்டு, மலையை நிஜமாகவே வெடித்தார், குட்டையில் தாமரை வளர்த்தார். கிண்டல் செய்கிறவன் ஒரு மீசையை ஒட்டுவான். அதற்குப் பொருத்தமாகச் சுவர் நிறம் தேடி அலைய மாட்டான். கொள்ளைக்கூட்டத் தலைவன் ஃபாயாக நடித்த பெரியவர் சொம்பத் மேதனி. அறுநூறு படங்களுக்கு மேல் நடித்தவர், மித்துக்குப் பிறகு அந்த நாட்டை ஆண்ட நாயகன். அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்ததும் கேலிக்காக இருக்க முடியுமா?

இடைவேளை_முறுக்கு

சரி தங்கச்சி, மருந்து வண்டிக் கதைக்காக அரை மதிப்பெண் விட்டுத்தருகிறேன். ஆனால் ஒரு கேள்வி. இவ்வளவு உருகி எடுத்தார் என்கிறீர்கள். அந்த ஊர்க்காரர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களா? எனக்குத் தெரிந்து படம் அங்கே படுத்துவிட்டது.

சாவ்பிரயா

படுத்தது உண்மை அண்ணா. இதே விசித் திரைக்கதை எழுதி, நொன்சீ நிமிபுத்ர் இயக்கின 'நாங் நாக்' பேய்ப்படம் 1999-இல் அங்கே சக்கைப்போடு போட்டது. அடுத்த வருஷம் சொந்தப் படத்துக்குக் கூட்டம் வரவில்லை. அந்த அக்காவைக் கேட்டேன். "எங்க பசங்க இதை அப்பா காலத்துக் குப்பைன்னாங்க. எங்களுக்கோ, எங்க குப்பையை இவன் ஏன் இவ்வளவு அழகாக்கினான்னு கூச்சமா இருந்தது" என்றார். எனக்கு இதைவிட நல்ல விமர்சனம் தெரியாது.

வெளியே கதை வேறு. 2000-இலேயே வான்கூவர் விழாவில் புதிய இயக்குநருக்கான பரிசு. 2001-இல் கான் விழாவின் அதிகாரபூர்வத் தேர்வில், 'அன் செர்தன் ரெகார்' பிரிவில் போனது. அந்தத் தேர்வுக்குள் நுழைந்த முதல் தாய்லாந்துப் படம் இதுதான். பின்சீட்டு கேட்ட இன்னொரு பதிப்பு விஷயமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்க உரிமையை மிராமேக்ஸ் என்கிற பட நிறுவனம் வாங்கியது. வெட்டி, முடிவை மாற்றி, அதற்குப் பிறகும் திரையரங்குக்கு விடாமல் வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டது. கடைசியில் மேக்னோலியா என்கிற இன்னொரு நிறுவனம் உரிமையை வாங்கி, 2007-இல் விசித் எடுத்தபடியே வெளியிட்டது. உங்கள் நாயகன் செத்தான் என்றால் நீங்கள் பார்த்தது சரியான படம்.

அவன் சாகாமல் முடிந்தால் அந்தத் தாமரைக் குளத்து மண்டபம் எதற்கு? 'சாலா ரோ நாங்', நங்கைக்காகக் காத்திருக்கும் மண்டபம். பணக்காரப் பெண்ணுக்காக ஒரு விறகுவெட்டி கட்டி, அவள் வராமலே போன மண்டபம் என்று டாம் சின்ன வயதில் அவளிடம் கதை சொல்கிறானே, படம் முழுக்க அந்த ஒரு கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. போலீஸ் கேப்டன் அவன் கையில் மாட்டி, சாவதற்கு முன்னால் நிச்சயித்த பெண்ணின் படத்தை எடுத்துக் காட்டுகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? அதில் இருப்பது ரம்ப்போய். டாம் அந்தப் படத்தைப் பார்க்கிறான், முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த நடிகருக்கு நடிக்கத் தெரியவில்லை என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அங்கேதான் தொண்டை அடைத்தது. சுற்றிலும் எல்லாம் கத்துகிறது, நிறம் கத்துகிறது, மீசை கத்துகிறது, அவன் ஒருத்தன் மட்டும் பேசாமல் நிற்கிறான்.

நிறக்காரன்

அந்தக் காட்சியை இப்போதுதான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன். தோல் நிறம் மட்டும் இன்னமும் தப்புதான்.

பின்சீட்டு

எல்லாருக்கும் நன்றி. சாவ்பிரயா எழுதினதை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். நிலவேம்பு வந்த இடத்தில் "கசக்கத்தானே செய்யும்" என்றார். மருந்து வண்டிக்காரர் படத்தை நிறுத்துகிற இடத்தில் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

நேற்று ரெண்டு பேரும் முதலிலிருந்து பார்த்தோம். இந்தத் தடவை தோட்டாவைத் திரும்பக் காட்டுகிற இடத்தில் சிரித்தது அம்மா. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அப்போதுதான் கவனித்தேன்: அவன் அங்கே சுட்டுக்கொண்டிருக்கிற அதே நேரத்தில்தான் அவள் இங்கே மழையில் காத்திருக்கிறாள். நாம் அதை ரெண்டாம் தடவை வேடிக்கை பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் நேரமாகிறது. குதிரையை விரட்டிக்கொண்டு அவன் வந்து சேரும்போது மண்டபம் காலி.

அம்மாவிடம் சொன்னேன். "ஆமா, அந்தப் பொண்ணு இன்னும் ஒரு அரை மணி உட்கார்ந்திருந்தா கடைசியில இவ்வளவு சாவு இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எவ்வளவு நேரம்தான் உட்காருவா, பாவம், அந்த மழையில" என்றார். அந்த மீசைக்காரன் பெயர் மகேஸ்வரன் என்பதை மட்டும் இன்னும் நம்ப மறுக்கிறார்.